குரல் பதியாத படம்: டாம்பாவும் கொக்குவிலும்

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. எடுக்கப்பட்டது 1909 ஜனவரியில். இடம், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து டாம்பா நகரிலிருந்த ஒரு சுருட்டுத் தொழிற்சாலை. எடுத்தவர் லூயிஸ் ஹைன். வரிசை வரிசையாக மேசைகள். மேசைகளின் முன்னே சுருட்டுச் சுற்றும் தொழிலாளர். அவர்களுக்கு மேலே, உயர்த்திக் கட்டிய ஒரு மேடையில் தனியாக ஒரு மனிதர். அவர் சுருட்டுச் சுற்றவில்லை. மேற்பார்வையாளரும் அல்லர். அவருடைய வேலை வாசிப்பது.

இன்று இந்தப் படம் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. இணையத்தில் எவரும் காணலாம். அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் இதனைப் பலமுறை எடுத்தாண்டிருக்கின்றனர். ஆயினும் இப்படத்தை யாழ்ப்பாணத்தார் ஒருவர், குறிப்பாகக் கொக்குவில் மண்ணை அறிந்த ஒருவர், பார்க்கும்போது அது வேறொரு படமாகிவிடுகிறது. அவருக்கு அந்த மேடை மனிதர் அந்நியர் அல்லர். கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றில் அதே வேலையைத் தமிழில் செய்தவர்களைப் பற்றி அவர் கேட்டிருப்பார். வயதானவராயின் நேரிற் கண்டுமிருப்பார்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்குப் படமொன்றைப் பார்த்தவுடன் சில கேள்விகள் தாமாகவே எழும். எடுத்தவர் யார்? யாருக்காக எடுத்தார்? படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது? படத்தில் வராமற் போனது எது? இந்த நான்கு கேள்விகளோடு டாம்பாவிலிருந்து கொக்குவில் வரை சென்று வரலாம் என்று எண்ணுகிறேன்.

எடுத்தவரும் நோக்கமும்

லூயிஸ் ஹைன் 1874இல் பிறந்தவர், 1940இல் மறைந்தவர். நியூயோர்க்கில் ஆசிரியராக இருந்தவர். 1908இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு என்ற அமைப்பு அவரைப் படப்பிடிப்பாளராக அமர்த்தியது. சுரங்கங்களிலும் பஞ்சாலைகளிலும் வயல்களிலும் வேலை செய்த சிறுவர் சிறுமியரைப் படமெடுத்து, அந்தக் கொடுமைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவரப் பொதுமக்களின் மனத்தைத் திருப்புவதே நோக்கம். முதலாளிகள் அவரை எளிதில் உள்ளே விடவில்லை. வேதநூல் விற்பவராகவும் தீத்தடுப்புப் பரிசோதகராகவும் தம்மைக் காட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை முன்னரே அளந்து வைத்திருந்தார். குழந்தையின் தலை எந்தப் பொத்தானுக்கு எட்டுகிறது என்று பார்த்து உயரத்தைக் கணித்து, சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே குறிப்பெடுப்பார். பெயர், வயது, கூலி, வேலை நேரம் என எது கிடைத்தாலும் எழுதினார்.

ஆகவே, டாம்பாத் தொழிற்சாலையில் அவர் தேடிச் சென்றது சிறுவர்களை; வாசிப்பவரையன்று. வாசிப்பவர் அவருடைய வழியில் எதிர்ப்பட்டார். ஆவணப்படத்தின் இயல்பு இதுதான். ஒன்றைச் சாட்சியமாக்கப் போனவர் வேறொன்றையும் சேர்த்துச் சாட்சியமாக்கிவிடுகிறார்.

படத்தின் கீழே ஹைன் எழுதிய குறிப்பு மிகச் சிறியது. அதன் சாரம் நான்கு செய்திகள். வாசிப்பவர் நாள் முழுவதும் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் உச்சக் குரலில் வாசிக்கிறார். இத்தொழிலாளரிற் பலருக்குக் கிடைக்கும் கல்வி இது ஒன்றே. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் தொழிலாளர்களே. எதை வாசிப்பது என்பதைத் தீர்மானிப்பவர்களும் அவர்களே.

இந்த நான்கும் இல்லாவிட்டால் படத்தில் நமக்கு எஞ்சுவது என்ன? உயரத்தில் ஒருவர், கீழே பலர். கங்காணியும் கூலிகளும் என்றே நாம் படித்திருப்போம். குறிப்பைப் படித்தபின் அந்த உறவு தலைகீழாகிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவர்களின் சம்பளக்காரர். ஒரு குறிப்பு ஒரு படத்தின் பொருளை இந்த அளவுக்கு மாற்றும்.

ஹைன் கண்ணாடித் தகடுகளையும் பெட்டிக் கமராவையும் சுமந்து திரிந்தவர். இருண்ட இடங்களில் மக்னீசியத் தூளைக் கொளுத்தி ஒளி உண்டாக்கவேண்டிய காலம் அது. அத்தகைய கமராவின் முன் மனிதர்கள் சற்று அசையாதிருக்க வேண்டும். எனவே, அந்தக் கணத்தில் வாசிப்பு நடந்துகொண்டிருந்ததா, படத்துக்காக நின்றிருந்ததா என்பதைப் படம் சொல்லாது. அந்த அறையில் எல்லாவற்றினும் முக்கியமானது ஒரு குரல். அந்தக் குரலைத் தவிர மற்ற யாவும் தகட்டில் பதிந்திருக்கின்றன.

கியூபாவில் தொடங்கிய வழக்கம்

இந்த வழக்கம் டாம்பாவிற் பிறந்ததன்று. 1865இல் கியூபாவின் ஹவானா நகரில், எல் ஃபிகாரோ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் இது ஒழுங்கான ஏற்பாடாகத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே, 1866இல், ஸ்பானிய ஆட்சியாளர் இதனைத் தடைசெய்தனர். வேலைத்தலத்தில் வாசிப்பது வேலையைக் கெடுக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். கேட்கிறவர்கள் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது சொல்லப்படாத காரணம். வழக்கம் அழியவில்லை. கியூபாவிலிருந்து வெளியேறிய தொழிலாளர்களோடு அது கீ வெஸ்ட் தீவுக்கும், பின்னர் 1880களில் எழுந்த டாம்பாவின் இபோர் நகர்ப் பகுதிக்கும் போயிற்று. மெக்சிக்கோ, புவேர்ட்டோ ரிக்கோ முதலிய இடங்களிலும் பரவிற்று.

காலையில் செய்தித்தாள்கள், பின்னர் நாவல்கள் என்று வாசிப்பு நடந்தது. செர்வாண்டிஸ், விக்டர் ஹியூகோ, சோலா, டூமா எல்லோரும் அந்த மேடைகளிலிருந்து ஒலித்தனர். 1935இல் ஹவானாவில் தோன்றிய மொன்டே கிறிஸ்டோ என்ற சுருட்டுக்கு டூமாவின் நாவற் பெயர் வந்தது இந்த வாசிப்பினாலேயே என்பர். கியூப விடுதலையின் தலைவர் ஹொசே மார்ட்டி 1891 நவம்பரில் டாம்பாவுக்கு வந்து இத்தொழிலாளர் மத்தியில் உரையாற்றினார். அவருடைய இயக்கத்துக்குத் தம் கூலியிலிருந்து பணம் கொடுத்தவர்கள் இவர்கள். வாசிப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை முதலாளிகள் மறக்கவில்லை. 1931இல் டாம்பா முதலாளிகள், பொதுவுடைமைப் பிரசாரம் நடக்கிறது என்று குற்றஞ்சாட்டி வாசிப்போரை வெளியேற்றினர். வேலைநிறுத்தம் வெடித்தது. வாசிப்பவர் திரும்பவில்லை. அந்த மேடைகளின் இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது.

கொக்குவிற் கொட்டில்கள்

இனி நம் ஊருக்கு வருவோம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கு நோக்கிச் சென்றால் சில மைல் தூரத்தில் வருவது கொக்குவில். 1910இல் தொடங்கிய இந்துக் கல்லூரியாலும், எழுத்தாளர் அ. முத்துலிங்கம் பிறந்த ஊர் என்பதாலும் இன்று உலகத் தமிழர் இப்பெயரை அறிவர். முந்திய தலைமுறைக்குக் கொக்குவில் என்றதும் நினைவுக்கு வந்தது சுருட்டு.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியரோடு கடல் கடந்து நம் மண்ணுக்கு வந்து, ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் குடாநாட்டின் முதன்மையான பணப்பயிராயிற்று. துலாவில் ஏறி ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, கிணற்று நீர் மேலேறி வாய்க்கால் வழியே புகையிலைக் கன்றுக்குப் போயிற்று. வாய்ப்புகையிலையின் பெரும்பகுதி திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. மலையாளப் புகையிலை என்ற பெயர் அதனால் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தச் சந்தை சரிந்தபோது, பொச்சுமட்டைப் புகையிற் பதமான இலையைச் சுருட்டாக்கித் தென்னிலங்கைக்கு அனுப்பும் தொழில் குடும்பங்களைத் தாங்கிற்று. சிங்கள ஊர்களின் கடைவீதிகளில் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக்கடை இல்லாத இடம் அரிது என்று சொல்லும் நிலை இருந்தது. ஆங்கிலத்தில் செரூட் என்று வழங்கும் சொல் நம் சுருட்டுத்தான்.

1905இல் கொழும்பிலிருந்து குடாநாட்டுக்கு ரயில் பாதை முழுமையானபோது கொக்குவிலும் அந்தத் தடத்தில் அமைந்தது. சுருட்டுக் கட்டுகள் தெற்கே போயின. அதே தண்டவாளத்தில், பின்னாளில், இரவு மெயிலில் கொழும்புப் பத்திரிகைக் கட்டுகள் வடக்கே வந்தன. 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் அவ்வாறு வந்தவை. அதே 1930இல் நா. பொன்னையாவின் ஈழகேசரி, கொக்குவிலிலிருந்து அதே வீதியில் வடக்கே உள்ள சுன்னாகத்திலிருந்து வெளிவரத் தொடங்கி 1958 வரை நடந்தது. 1959இல் யாழ்ப்பாண நகரில் ஈழநாடு பிறந்தது.

இந்தப் பத்திரிகைகளைச் சுருட்டுத் தொழிலாளர் எல்லோரும் வாங்கிப் படித்திருக்க முடியாது. வாங்கக் காசில்லாதவரும், வாங்கினாலும் எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் பலர். ஆனால் அவர்கள் பத்திரிகைச் செய்தி அறியாதவர்களாக இருக்கவில்லை. கொட்டிலில் ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். செய்தி, ஆசிரியத் தலையங்கம், தேர்தற் பேச்சு, தமிழகத்திலிருந்து வந்த ஆனந்த விகடன், கல்கி இதழ்களின் தொடர்கதை எல்லாம் அந்தக் கொட்டிலில் ஒலித்தன. டாம்பாவில் மேசையும் மேடையும். கொக்குவிலில் தரையில் விரித்த பாயும், ஆளுக்கொரு பலகையும். செயல் ஒன்றே.

கொக்குவிலுக்கு இதனைக் கியூபாக்காரர் வந்து கற்பித்தனரா? இல்லை. வடகேரளத்தின் கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளரிடமும் இதே வழக்கம் இருந்தது. 1969இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவின் கூடங்களில் அது தொடர்ந்தது. வாசிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தனர். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே ஏற்பாடு தனித்தனியே தோன்றக் காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது.

சுருட்டுச் சுற்றுவதில் கைக்கும் கண்ணுக்கும் வேலை உண்டு. காதுக்கு இல்லை. இயந்திரம் இல்லாத தொழில் ஆகையால் ஓசை இல்லை. நெசவுச் சாலையில் இப்படி வாசிக்க முடியாது. கூலி நாட்கணக்கில் அன்று, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில். வாய் திறந்து வம்பளந்தால் கை மந்தமாகும், கூலி குறையும். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டால் கை ஓடும், கூலியும் குறையாது, நேரமும் போகும். அமைதியான அறை, ஒரே இடத்திலிருக்கும் ஆட்கள், துண்டுக் கூலி ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் வாசிப்பவருக்கு வேலை பிறந்தது.

ஹைன் எழுதியதில் ஒரு வரியை மீண்டும் எடுத்துப் பார்க்கவேண்டும். இவர்களிற் பலருக்குக் கிடைக்கும் கல்வி இது ஒன்றே என்று அவர் எழுதியபோது, அது குற்றச்சாட்டு. பள்ளியில் இருக்கவேண்டிய பிள்ளை தொழிற்சாலையில் இருக்கிறதே என்ற ஆற்றாமை. நாமும் அதனை மறக்கக்கூடாது. நம் கொட்டில்களிலும் இலையை விரிப்பது, நடு நரம்பை நீக்குவது போன்ற வேலைகளில் சிறுவர்கள் இருந்தனர். இலவசக் கல்வி வந்தது 1945இல். அதற்குப் பின்னரும் வறுமை பலரைப் பள்ளியிலிருந்து கொட்டிலுக்கு இழுத்தது. சாதியின் பெயரால் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களும் நம் நாட்டில் இருந்தனர். புகையிலை உடலுக்கு என்ன செய்யும் என்பதும் இன்று யாவரும் அறிந்ததே. கொட்டிலைப் பொற்காலமாகப் பாடுவதற்கில்லை.

அதே வரியைக் கொக்குவிலிலிருந்து படித்தால் இன்னொரு பொருளும் கேட்கிறது. மறுக்கப்பட்ட கல்வியை அவர்கள் தம் காதால் எடுத்துக்கொண்டார்கள். பள்ளியிற் பாடத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். கொட்டிலில் எந்தப் பத்திரிகை, எந்தக் கதை என்பதில் கேட்பவனுக்கும் குரல் உண்டு. வாசித்ததை நிறுத்திக் கேள்வி கேட்கலாம், மறுத்துப் பேசலாம். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் தலையங்கத்தோடு வாதாடிய இடம் அது. பத்திரிகைகள் தம் விற்பனையைப் பிரதிகளில் எண்ணும். இத்தகைய கொட்டிலில் ஒரு பிரதிக்கு எத்தனை வாசகர் என்பதை எந்த விற்பனைப் பகுதியும் எண்ணியதில்லை.

நம் தொகுப்புகளில் இல்லாத படம்

டாம்பாவுக்கு ஒரு ஹைன் கிடைத்தார். கொக்குவிலுக்கு?

பழைய யாழ்ப்பாணத்துப் படங்கள் இரு வகையின. ஒன்று, வெளியார் எடுத்தவை. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட்டே போன்ற நிறுவனங்கள் பயணிகளுக்கு விற்ற அஞ்சலட்டைகள் இவ்வகை. அவற்றின் கீழே தமிழ்ப் பெண், தமிழ்க் கூலி, கள் இறக்குபவன் என்றே எழுதியிருக்கும். பெயர் இராது. ஊரும் பலவற்றில் இராது. ஒரு மனிதரை ஓர் இனத்தின் மாதிரியாக்கி விற்ற படங்கள் அவை. தொழில் தெரியும், தொழில் செய்தவர் எவர் என்பது தெரியாது.

மற்றது, நாமே எடுப்பித்தவை. கலியாணம், சாமர்த்தியச் சடங்கு, வகுப்புப் படம், உத்தியோகத்தர் ஓய்வு பெறும் நாளின் குழுப்படம், பிரேதத்தைச் சுற்றி உறவினர் நிற்கும் செத்தவீட்டுப் படம். இவற்றில் பெயர்கள் உண்டு, வீட்டாருக்குத் தெரியும். ஆனால் இவற்றில் எவரும் வேலை செய்வதில்லை. படம் என்பது விசேட நாளுக்குரியது, செலவுக்குரியது, தோய்த்து மடித்த வேட்டிக்குரியது. புகையிலைக் கறை படிந்த கையோடு ஒருவர் பலகைக்கு முன் இருப்பதைப் படமெடுக்கக் காசு கொடுத்து எவர் ஸ்டூடியோக்காரரை அழைப்பார்? பத்திரிகைகளும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் படமொன்றை அச்சிட 'புளொக்' செய்யவேண்டும். அதற்குச் செலவும் நேரமும் பிடிக்கும். செய்த புளொக்குகளில் தலைவர்களின் முகங்களே மிகுதி. அவை திரும்பத் திரும்பப் பயன்படும். பத்திரிகையை உரக்க வாசித்துப் பலருக்குக் கொண்டுசென்ற மனிதரின் முகம் அதே பத்திரிகையில் வர வழியில்லை.

ஆகவே, அஞ்சலட்டையில் வேலை இருக்கிறது, பெயர் இல்லை. குடும்பத் தொகுப்பில் பெயர் இருக்கிறது, வேலை இல்லை. இரண்டும் சேர்ந்த படமே நமக்குக் குறை.

இருந்தவையும் நிலைக்கவில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தென்னிலங்கையில் தமிழர் கடைகள் தாக்கப்பட்டன. சுருட்டுத் தொழில் தன் சந்தையை இழந்தது. 1981இல், மே 31 இரவு தொடங்கிய அட்டூழியத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகமும், அதனோடு ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டன. 1987 ஒக்டோபரில் கொக்குவில் பிரம்படியிலும், அகதி முகாமாக இருந்த இந்துக் கல்லூரியிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 1990இல் ரயில் நின்றது. யாழ்ப்பாணத்துக்கு அது மீண்டும் ஓடியது 2014இல். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது, காணி உறுதியும் அடையாள அட்டையும் பையில் ஏறின. படத்தொகுப்புக்கு எத்தனை பைகளில் இடமிருந்திருக்கும்? தப்பியவை இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் அலமாரிகளில் இருக்கின்றன.

படத்தின் பின்புறம்

அன்பர்களே, அந்த அலமாரிப் படங்களுக்கு இப்போது வேறோர் ஆபத்து. படத்தில் இருப்பவரை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு குறிப்பும் போகிறது. இன்னும் சில ஆண்டுகளில் நம் வீட்டுப் படமும் பிளேட்டேயின் அஞ்சலட்டையைப் போலாகிவிடும்: வேட்டி கட்டிய ஒருவர், தமிழர், பெயர் தெரியாது.

ஹைன் எழுதியது சில வரிகள்தாம். அவ்வளவு எழுத எவராலும் முடியும். படத்தைத் திருப்பி, மென்மையான பென்சிலால் எழுதுங்கள். மை காலத்தில் ஊறி முன்பக்கம் வந்துவிடும். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதோடு நிறுத்தவேண்டாம். அவர் என்ன தொழில் செய்தார், எப்படிச் செய்தார், கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது, வேலை நேரத்தில் அங்கே என்ன கேட்டது என்பதையும் எழுதுங்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவர் கொட்டிலில் இருந்தவராயின் அந்த ஒரு வரியே கலியாணப் படத்தைத் தொழிலாளர் வரலாற்றின் ஆவணமாக்கிவிடும். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படங்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் பார்க்கும்படி வைத்து வருகின்றனர். குறிப்போடு கூடிய படத்துக்குச் செல்ல ஓரிடம் இருக்கிறது.

கொட்டிலில் வேலை செய்த முதியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு கேள்வியை மறவாமற் கேளுங்கள்: "உங்கள் கொட்டிலிலை பேப்பர் வாசிச்சது ஆர்?" டாம்பாவின் வாசிப்பவரைப் பற்றி ஹைன் அவ்வளவு எழுதியும் அவர் பெயரை மட்டும் எழுதவில்லை. 1909இல் மேடையில் இருந்த மனிதர் இன்றும் பெயரின்றியே இருக்கிறார். கொக்குவிலில் வாசித்தவர்களின் பெயரைச் சொல்ல இன்னும் சிலர் உயிரோடு இருக்கக்கூடும்.